பற்றையை வெட்டி நட்ட மரங்கள்

சுற்றாடல் தினத்துக்கு மரம் நட இடம் வேண்டும் என்று, எங்கள் குளத்தின் வால்கட்டுப் பக்கம், குளக்கட்டு முடியும் ஓரத்தில், இருந்த பற்றைக்காட்டைப் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து வழித்தெடுத்தார்கள். வழித்த இடத்தில் தேக்கும் மகோகனியும் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நெடுநாள் இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடு வந்தவர்கள். வெயிலில் நின்று குழி தோண்டிய பிள்ளைகளில் பலர் என்னிடம் படித்தவர்கள். ஆனாலும் அந்த வழியால் போகும்போதெல்லாம் மனம் ஆறவில்லை. அங்கே கேட்டுக்கொண்டிருந்த ஒரு குருவியின் குரல் இப்போது இல்லை. பயிர் செய்வதற்காக, வீடு கட்டுவதற்காக அது போயிருந்தால் வருத்தப்பட்டுவிட்டு விட்டிருப்பேன். மனிதருக்கு நிலம் வேண்டும். சுற்றாடலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அதன் வீட்டைப் பெயர்த்ததுதான் தொண்டையில் நிற்கிறது.

பறவை பார்ப்பவர்கள் அதைப் பழுப்புத் தலைச் சிலம்பன் என்று எழுதுகிறார்கள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பிளைத் 1849 இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அலகு முதல் வால் நுனி வரை 16 சென்ரிமீற்றர் நீளம். முதுகு மண்ணிறம், உச்சந்தலை கடும் பழுப்பு, முகமும் நெஞ்சும் வயிறும் கறுவாப்பட்டை நிறம். கொண்டையும் இல்லை, நீண்ட வாலும் இல்லை. இலங்கைக்கே உரிய பறவை என்றவுடன் பாடப்புத்தகம் தேசியப் பறவையான காட்டுக்கோழியைக் காட்டும்; அதற்கு மேல் கேட்டால் சிங்கராஜ வனத்தைக் காட்டும். இந்தத் தீவுக்கே உரிய பறவைகள் முப்பதுக்கு மேல் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரக் காடுகளிலும் மலைநாட்டிலும்தான் வாழ்கின்றன என்பது உண்மையே. அதனால் நம் பிள்ளைகளுக்கு அவை எல்லாம் தூரத்துச் சங்கதி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரையில் ஒரு குளத்தின் பின்பக்கம், நாம் விறகு பொறுக்கப் போகும் பற்றைக்குள், அப்படி ஒரு பறவை நிற்கிறது என்று வகுப்பில் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள்.

குரலைக் கேட்டால் நம்புவார்கள். இரண்டு மூன்று தெளிந்த சீழ்க்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக; சற்று இடைவெளி விட்டு மறுபடியும் அதே சீழ்க்கைகள். பற்றைக்குள் இருந்துகொண்டு யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும். காலையிலும் பொழுது சாயும்போதும் அதிகம் கேட்கும். குரல் பத்தடி தூரத்தில் இருக்கும், ஆளைக் காண முடியாது. காண வேண்டுமானால் ஓர் இடத்தில் அசையாமல் குந்தியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு வீரை மரத்தடியில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சருகு சலசலக்கும் ஓசைதான் வந்தது. ஓணானாக இருக்கலாம் என்றால், ஓணான் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். இது விட்டு விட்டு வந்தது. பிறகு காரைச் செடியின் அடியிலிருந்து அது வெளிப்பட்டது. ஒரு சருகை அலகால் கவ்வி ஒருபக்கம் எறிந்தது. கீழே பார்த்தது. அடுத்த சருகு. பெரிய சருகாக இருந்தால் ஓரத்தைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, பின்னுக்கு இழுத்துப் புரட்டியது. வெளிறிய இளஞ்சிவப்புக் கால்கள், பறவையின் அளவுக்குச் சற்று வலுவானவை. ஒரு சருகின் அடியில் அகப்பட்ட சிறு பூச்சியைத் தரையில் இரண்டு தரம் அடித்து விழுங்கியது. அடுத்த பற்றைக்குள்ளிருந்து துணை கூப்பிட, இது தலையை நிமிர்த்திப் பதில் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தது. அவ்வளவு நேரமும் அது தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பவில்லை.

நிலத்தோடு வாழும் பறவை

இதைத்தான் மரம் நட வந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன், சொல்ல இடம் கிடைக்கவில்லை. காடு என்றால் அண்ணாந்து பார்க்கும் ஒன்று என்று நாம் பழகிவிட்டோம். பாலை, முதிரை, கருங்காலி என்று மரங்களை எண்ணி, அவற்றின் பருமனைச் சொல்லி, காட்டை மதிப்பிடுகிறோம். இந்தக் குருவிக்கு உயர்ந்த மரம் நிழலுக்கும் சருகுக்கும் வேண்டும். மற்றபடி அதன் வாழ்க்கை முழுவதும் நம் முழங்காலுக்குக் கீழே நடக்கிறது. இரை சருகின் அடியில். கூடு தரையிலோ, தரையில் உள்ள பொந்திலோ, அடர்ந்த செடிகொடிகளின் மறைவில். முட்டை வழக்கமாக இரண்டு அல்லது மூன்று. சிறகு குறுகியது, தூரம் பறந்துபோய் வேறு காடு தேடும் பறவைக்கு உரிய சிறகு அல்ல. திறந்த வெளியில் இதைக் காண்பது மிக அரிது. ஆகவே ஒரு பற்றையைச் சுற்றி நிலத்தை வழித்துவிட்டால், நடுவில் மிஞ்சியிருக்கும் பற்றை அதற்கு ஒரு சிறு தீவாகிவிடுகிறது.

தீவு என்றவுடன் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தக் குருவியின் நெருங்கிய உறவினம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அதற்கு நெஞ்சில் கோடு கோடாகப் பழுப்புக் கீற்றுகள் இருக்கும், நம்முடையதற்கு நெஞ்சு துலக்கமான ஒரே நிறம். இடையில் இருப்பது பாக்கு நீரிணை, ஆழமில்லாத கடல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். யானை நடந்து வரக்கூடிய நிலம். அப்படி நிலம் திறந்து கிடந்த காலங்கள் வந்துபோன பின்னும் அங்குள்ளது அங்கும் இங்குள்ளது இங்குமாக இரண்டும் வெவ்வேறு இனங்களாகவே இருக்கின்றன. வெட்டவெளியையும் வரண்ட சமவெளியையும் தாண்டி இந்தக் குருவி போகவில்லை, வரவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அவ்வளவு காலம் இடம் விட்டு நகராத ஒன்றிடம், ஒரு பெக்கோவின் அரைநாள் வேலைக்குப் பிறகு வேறிடம் போய்க்கொள் என்றால் எங்கே போகும்?

பற்றை மீது நமக்குள்ள பயம்

ஆனால் பற்றையை வெட்டுகிறவர்கள் மீது கோபம் கொள்வதற்கு முன், இந்த மண்ணில் அந்தச் சொல் எதைக் கிளப்புகிறது என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். யுத்த காலத்தில் வீதியோரக் காடுகள் பார்வைக்காக உள்ளே வெகுதூரம் வெட்டப்பட்டிருந்தன. பற்றைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடப்பது எப்படியிருக்கும் என்பது என் வயதுக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் முதலில் செய்தது வளவைத் துப்புரவாக்கியதுதான். கிணற்றடிக்கும் குடிசைக்கும் மேலே படர்ந்திருந்த கொடியை அறுத்து, சூரையையும் நாயுண்ணியையும் வெட்டிக் குவித்து எரித்த அன்றுதான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று அம்மா சொன்னார். துப்புரவான நிலம் என்பது எங்களுக்கு ஆள் இருக்கிற நிலம். அந்த எண்ணத்தைக் குறைசொல்ல என்னால் முடியாது.

பிறகு யானை. பற்றைக்குள் நிற்கும் யானை பத்தடி கிட்டப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. விடியப்புறம் வயலுக்குப் போகிறவர்கள், மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள், எல்லோருக்கும் அது உயிர்ப்பயம். மரம் நடுவதற்கு முன் கூடிய ஊர்ச் சங்கக் கூட்டத்தில் பற்றையை வெட்ட வேண்டும் என்று முதலில் கை உயர்த்தியவர் யானையால் உறவினரைப் பறிகொடுத்தவர். அவருக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு குருவியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது அந்த இடத்தில் இருந்தால்தான் தெரியும். நான் பேசினேன். வீதியோரத்தையும் வீட்டு ஓரத்தையும் வெட்டுங்கள், குளத்தின் பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தை விடுங்கள் என்றேன். "ரீச்சர், மரம் நடத்தானே போகிறோம், அழிக்கவா போகிறோம்?" என்று செயலாளர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் கேட்டதில் கள்ளம் எதுவும் இல்லை. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

மாமா கேட்டுச் சொன்னது

என் தாய்மாமா வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவர். பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயல் வெளியிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே காட்டோர மேய்ச்சல் தரைக்குப் போவார். அறுவடை முடிந்துதான் திரும்புவார். பட்டியிலேயே சமைத்து, பட்டியிலேயே படுப்பார். பறவைகளில் அவருக்குத் தனியாக ஆசை ஒன்றும் கிடையாது. காடு அவருக்கு வேலைத்தலம். மரம் நட்டுச் சில கிழமைகளுக்குப் பின் ஒருநாள் மாலை அவரோடு வால்கட்டால் நடந்துகொண்டிருந்தேன். குளத்தின் அக்கரையில், இன்னும் வெட்டாத துண்டிலிருந்து அந்தச் சீழ்க்கை வந்தது. நான் நின்றேன். அவரும் நின்றார்.

"இதை உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன பிள்ளை. இது கூப்பிடுகிற பக்கம் மாட்டை விடமாட்டோம்."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை ஆறுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் பறவை நூலிலும் இதை நான் படித்ததில்லை. இந்தக் குருவி சத்தமிடும் இடத்தில் புல் இருக்காது. மேலே மரம் மூடியிருக்கும், கீழே பற்றை மூடியிருக்கும், நிலத்தில் சருகு மூடியிருக்கும். வெயில் விழாத நிலத்தில் மாட்டுக்கு என்ன கிடைக்கும்? அதோடு மாடு உள்ளே போனால் முள்ளில் சிக்கும், கன்று தவறிவிடும், தேடி எடுக்க முடியாது. ஆகவே விடியற்காலையில் பட்டியைத் திறக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்பார்களாம். சீழ்க்கை எந்தப் பக்கம் கேட்கிறதோ அதற்கு மறுபக்கம் மாட்டைத் திருப்புவார்களாம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். கச்சான் காற்று வீசும் வரட்சிக் காலத்தில், புதுப்புல் எழும்ப வேண்டும் என்று சிலர் காட்டுக்குத் தீ வைப்பார்கள். தீ போன இடத்தில் பல வருடங்களுக்கு இந்தக் குரல் வராது, அந்த வருடங்கள்தான் மாட்டுக்கு நல்ல வருடங்கள் என்றார். அதையும் மறைக்காமல் சொன்னார்.

சொல்லிக்கொண்டே வழித்தெடுத்த நிலத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டோம். கன்றுகள் வரிசையாக நின்றன, சில ஏற்கெனவே தலை சாய்ந்திருந்தன. மாமா ஓரத்தில் நின்று சற்று நேரம் கேட்டார். பிறகு, "இனி இங்கே மாட்டை விடலாம் பிள்ளை" என்றார்.

அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தால் மாடு வைத்திருப்பவருக்கு மகிழ்ச்சி வராதா? எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கூட்டத்தில் நான் தடுமாறித் தடுமாறி விளக்கப் பார்த்ததை, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒருவர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். மரம் நட்ட நிலம் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காதால் கேட்டுப் பார்த்தார், காடு போய்விட்டது, மேய்ச்சல் நிலம் வந்துவிட்டது. அவ்வளவு தெளிவாக அந்த இடத்தை அளந்தவர் வேறு யாரும் இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டேன், யானையைப் பற்றி. பற்றையை வெட்டினால் யானை வராதா? "வீட்டுப் பக்கம் வெட்டத்தான் வேண்டும், ஆளுக்குக் கண் தெரிய வேண்டும்" என்றார். "ஆனால் வெட்டிவிட்ட காட்டில் மாரியோடு புல்லும் இளங்குருத்தும் எழும்புமே, அதைத் தின்னத்தான் யானை இறங்கும். மாட்டுக்குப் பிடித்தது யானைக்கும் பிடிக்கும்." காட்டோரத்தில் காடு வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தவர்கள் எல்லோரும் அறிந்த விடயம் இது. முதிர்ந்த அடர்காட்டைவிட, கைவிட்ட சேனையும் மறுபடி முளைக்கும் பற்றையும்தான் யானைக்கு அதிக தீனி தரும்.

பட்டியலில் இல்லாத கவலை

ஆபத்தில் இல்லாத பறவைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்விதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தக் குருவி மிகக் குறைந்த கவலைக்குரிய வகுப்பில்தான் இருக்கிறது. ஈரவலயத்திலும் வரண்ட வலயத்திலும் மலைச்சாரலிலும் பரவலாக உண்டு. எங்கள் வால்கட்டில் அது இல்லாமற்போனதால் இனம் அழிந்துவிடாது. 1937 ஆம் ஆண்டிலிருந்தே விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டில் இருக்கிறது, இதைப் பிடித்தால், கொன்றால் குற்றம். ஊருக்குள் யாரும் பிடிக்கவுமில்லை, கொல்லவுமில்லை. சட்டமும் பட்டியலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்க, பறவை மட்டும் இடத்தை இழந்துவிட்டது. ஆபத்தில்லை என்று எழுதப்பட்ட ஒன்று எங்கெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக இப்படித்தான் போகும். ஊர் ஊராக, குளம் குளமாக, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நல்ல காரணத்துக்காக. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று என்றால், மொத்தமும் இந்தத் துண்டுகளின் கூட்டுத்தொகைதான். வெளியிலிருந்து வந்து நிரப்ப வேறு கையிருப்புக் கிடையாது. ஆகவே அழியும் தறுவாய்க்கு வந்தபின் கவலைப்படுவோம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

நட்ட மரங்களுக்காவது வாழ்வு வருமா என்றால், அதற்கும் வழி செய்யவில்லை. ஜூன் 5 சுற்றாடல் தினமானது 1972 இல் ஸ்டொக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் மாநாடு அன்று தொடங்கியதால். தென்மேல் பருவப்பெயர்ச்சி அந்த நாட்களில் கொழும்புப் பக்கத்துக்கு மழை கொடுக்கும். மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது அது வெறும் கச்சான் காற்று, மண்ணையும் முகத்தையும் காய்ச்சும் காற்று. மட்டக்களப்புக்கு வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. வயல் செய்கிற ஒருவரும் ஆனி மாதத்தில் மானாவாரிக்கு விதைக்கமாட்டார். மரத்தை மட்டும் நடுகிறோம். பற்றை இருந்தவரை அதன் நிழலில் வீரைக் கன்றும் பாலைக் கன்றும் தாமாக முளைத்து நின்றன. அவற்றை யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. பழம் தின்ற பறவைகள் போட்ட விதை, சருகு காத்த ஈரம். அவற்றையும் சேர்த்துத்தான் பெக்கோ அள்ளியது. சருகோடு மேல்மண்ணும் போய்விட்டதால், நட்ட தேக்குக்குக் கிடைத்தது வெயிலில் வெந்த செம்மண். ஒருவேளை அவை பிழைத்து வளர்ந்தாலும் தேக்குத் தோப்பு எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். வரிசை வரிசையாக மரம், நடுவில் ஆள் தடையில்லாமல் நடக்கும் வெறும் தரை, கோடையில் தீப்பிடிக்கக் காத்திருக்கும் பெரிய இலைகள்.

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நடுகையைக் கார்த்திகைக்கு மாற்ற உடனே ஒப்புக்கொண்டார்கள். பட்டுப்போன கன்றுகள் எனக்காகப் பேசின. தேக்குக்குப் பதிலாகக் காட்டோரத்திலிருந்து வீரை, பாலை, விண்ணாங்கு விதை சேகரித்து பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நாற்றுப் போடலாம் என்பதற்கும் பெரிதாக எதிர்ப்பு வரவில்லை. அக்கரையில் மிஞ்சியிருக்கும் பற்றையையும், அதிலிருந்து இறங்கும் ஓடையின் இருகரையையும் தொடாமல் விடுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்தத் துண்டை விளையாட்டு மைதானத்துக்குக் கேட்கிறார்கள் இளைஞர்கள். வயலுக்கு ஒரு குறுக்குப்பாதை கேட்கிறார்கள் விவசாயிகள். இரண்டும் நியாயமான தேவைகள். மைதானத்துக்கு ஏற்கெனவே வழித்தெடுத்த நிலத்தை எடுங்கள், அது இனி எதற்கும் ஆகாமல் கிடக்கிறது என்றேன். மரம் நட்ட நிலத்தில் பந்தடிப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். பெயர்ப்பலகை நிற்கிறதல்லவா. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்குப் புல் வேண்டும், எனக்குப் பற்றை வேண்டும். இந்த விடயத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போவதில்லை, போகவும் தேவையில்லை. ஆனால் ஓடைக்கரையைப் பற்றி அவரே என்னிடம் வந்து பேசினார். கரையில் பற்றை நின்றால் ஓடையில் சித்திரை வரை தண்ணீர் கிடக்கும், வெட்டினால் மாசியிலேயே மணல்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் குளத்துக்கு ஓட்டிவர வேண்டும் என்று சொன்னார். அதைக் கூட்டத்தில் தன் வாயாலேயே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மைதானம் கேட்கும் இளைஞர்களில் இரண்டு பேர் அவருடைய பேரன்மார்.